இரும்புச் சங்கிலியும் தேயிலைக் கொழுந்தும்: ஒட்சியேற்றம், தாழ்த்தல் பற்றிய ஒரு விளக்கம்

மஸ்கெலியா நகரைக் கடந்து நல்லதண்ணியை நோக்கிச் செல்லும் பாதை தேயிலை மலைகளுக்கு ஊடாகவே செல்கின்றது. ஆண்டுதோறும் டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடக்கம் மே மாத வெசாக் பௌர்ணமி வரையிலான யாத்திரைக் காலத்தில் பல்லாயிரக்கணக்கானோர் இப்பாதை வழியாக வந்து, நல்லதண்ணியிலிருந்து படியேறி, 2,243 மீற்றர் உயரமுள்ள மலையுச்சியைத் தரிசிக்கின்றனர். இந்துக்கள் அதனைச் சிவனொளிபாத மலை என்பர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். பௌத்தர்களுக்கு அது ஸ்ரீ பாத. ஒரே மலையைப் பல சமயத்தவரும் தத்தம் மரபுப்படி மதித்துவரும் இவ்விடத்தின் சிறப்பை நமது வாசகர்கள் நன்கறிவர்.

மொரோக்கோ நாட்டுப் பயணியான இப்னு பதூதா 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தபோது, புத்தளத்தில் தம்மை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தியிடம் கேட்டுக்கொண்ட உதவி, ஆதம் மலைக்குச் செல்ல வழிசெய்து தரவேண்டும் என்பதேயாகும். தமிழ் மன்னர் ஒருவரின் உதவியுடன் முஸ்லிம் பயணி ஒருவர் மேற்கொண்ட அந்த யாத்திரையின் குறிப்புகளில், செங்குத்தான பாறையில் ஏறுவோர் பற்றிக்கொள்வதற்காகப் பொருத்தப்பட்டிருந்த பத்து இரும்புச் சங்கிலிகள் பற்றிய விபரம் காணப்படுகின்றது. பத்தாவது சங்கிலியை அடைந்து கீழே நோக்குவோர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தினால் கலிமாவை ஓதுவதால், அது கலிமாச் சங்கிலி எனப் பெயர் பெற்றது என்றும் அவர் எழுதியுள்ளார்.

மழையும் பனிமூட்டமும் நிறைந்த மலையில் இரும்பு நீண்டகாலம் நிலைப்பதில்லை. அது பழுப்பு நிறமாகி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, மண்ணோடு மண்ணாகிவிடும். துருப்பிடித்தல் என நாம் சாதாரணமாகக் கூறிவிட்டு அகலும் இந்நிகழ்வும், மலையடிவாரத் தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்து கறுப்புத் தேயிலையாவதும், தோட்டத்துத் தாய்மாரின் உடலில் இரத்தம் குன்றுவதும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆயினும் இம்மூன்றையும் விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய அறிவு ஒன்றே. இரசாயனவியலில் ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்று கற்பிக்கப்படும் பாடமே அது. தமிழகத்துப் பாடநூல்கள் இதனை ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று குறிப்பிடுகின்றன.

க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் மாணவர்களை அதிகம் குழப்பும் பாடங்களுள் இதுவும் ஒன்று என்பதை ஆசிரியர்கள் அறிவர். வரைவிலக்கணத்தை மனனம் செய்து பரீட்சைக்குச் செல்லும் மாணவன், வினாவைச் சற்று மாற்றிக் கேட்டவுடன் தடுமாறுகின்றான். எனவே அதனை நமது மண்ணிலுள்ள உதாரணங்களைக் கொண்டே விளக்க முற்படுவோம்.

பெயரினால் வந்த குழப்பம்

ஒட்சியேற்றம் என்ற சொல், ஒட்சிசன் சேர்தல் என்ற பொருளிலேயே முதலில் எழுந்தது. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சிய விஞ்ஞானி லவோசியே, பொருட்கள் எரிவதும் உலோகங்கள் துருப்பிடிப்பதும் வளியிலுள்ள ஒரு வாயு அவற்றுடன் சேர்வதனாலேயே நிகழ்கின்றன என்பதை நிறுத்தல் அளத்தல் மூலம் நிறுவினார். அவ்வாயுவுக்கு ஒட்சிசன் எனப் பெயரிட்டவரும் அவரே. பிரான்சியப் புரட்சியின்போது 1794 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் திகதி அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். எனினும் அவர் வகுத்த கருத்து நிலைத்தது. ஒட்சிசன் சேர்ந்தால் ஒட்சியேற்றம், ஒட்சிசன் நீங்கினால் தாழ்த்தல் என நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது.

1897 ஆம் ஆண்டில் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்த பின்னரே இதன் உட்பொருள் புலப்படலாயிற்று. ஒட்சிசன் ஓர் உலோகத்துடன் சேரும்போது உண்மையில் நிகழ்வது யாது? உலோகத்தின் அணு தன்னிடமுள்ள இலத்திரன்களை இழக்கின்றது. ஒட்சிசன் அவற்றை ஏற்றுக்கொள்கின்றது. ஆகவே இங்கு அடிப்படையானது ஒட்சிசன் அன்று, இலத்திரன் கைமாறுவதேயாகும். ஒட்சிசன் சிறிதும் பங்குபற்றாத தாக்கங்களிலும் இக்கைமாற்றம் நிகழக்கூடும். இலத்திரனை இழத்தல் ஒட்சியேற்றம் என்றும், இலத்திரனை ஏற்றல் தாழ்த்தல் என்றும் இன்று நாம் கூறுவது இதனாலேயே ஆகும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்து காட்டப்படும் எளிய பரிசோதனை ஒன்றை நினைவுகூரலாம். நீல நிறமான செப்புச் சல்பேற்றுக் கரைசலில் நாகத் தகடு ஒன்றை இட்டு வைத்தால், நீல நிறம் படிப்படியாக மங்கும். தகட்டின்மேல் செந்நிறமான செம்பு படியும். இங்கு ஒவ்வொரு நாக அணுவும் இரண்டு இலத்திரன்களை இழந்து கரைசலுக்குள் செல்கின்றது. கரைசலிலிருந்த ஒவ்வொரு செப்பு அயனும் அவ்விரண்டு இலத்திரன்களையும் ஏற்று உலோகமாகப் படிகின்றது. நாகம் ஒட்சியேறியது, செம்பு தாழ்த்தப்பட்டது. ஒட்சிசன் வாயு இதில் எவ்வகையிலும் பங்குபற்றவில்லை.

கொடுக்கல் வாங்கலில் கொடுப்பவர் இருந்தால் வாங்குபவரும் இருந்தே ஆகவேண்டும். அதுபோல ஒட்சியேற்றம் தனித்து நிகழ்வதில்லை; தாழ்த்தலும் தனித்து நிகழ்வதில்லை. ஒருவர் கணக்கில் பற்று எழுதப்படும் அதேவேளை மற்றவர் கணக்கில் வரவு எழுதப்படுகின்றது. இழந்த இலத்திரன்களின் எண்ணிக்கையும் ஏற்ற இலத்திரன்களின் எண்ணிக்கையும் எப்பொழுதும் சமமாகவே இருக்கும். சமன்பாடுகளைச் சமப்படுத்தும்போது மாணவர்கள் நினைவில் இருத்தவேண்டிய விதி இது ஒன்றேயாகும்.

இலத்திரனைப் பெற்றுக்கொள்வதைத் தாழ்த்தல் என்று ஏன் அழைக்கவேண்டும், பெறுவது உயர்வல்லவா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. இலத்திரன் மறையேற்றமுடையது. ஆகையால் அதனைப் பெறும் அணுவின் ஒட்சியேற்ற எண் குறைகின்றது. செப்பு அயனின் எண் +2 இலிருந்து பூச்சியத்துக்குத் தாழ்ந்தது. அதனாலேயே அது தாழ்த்தல் எனப்பட்டது. நாகத்தின் எண் பூச்சியத்திலிருந்து +2 க்கு ஏறியது. அது ஒட்சியேற்றம் எனப்பட்டது. ஏறியதும் தாழ்ந்ததும் அந்த எண்ணே என்பதை விளங்கிக்கொண்டால் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

மற்றுமொரு தடுமாற்றமும் உண்டு. பிறிதொன்றை ஒட்சியேற்றும் பொருளை ஒட்சியேற்றி என்கின்றோம். அது பிறரிடமிருந்து இலத்திரனைப் பறித்துக்கொள்வதால், அதுவே தாழ்த்தப்படுகின்றது. அவ்வாறே, தாழ்த்தி எனப்படும் பொருள் இலத்திரனை வழங்கித் தான் ஒட்சியேறுகின்றது. மேற்கூறிய பரிசோதனையில் நாகமே தாழ்த்தியாகும்.

துருவும் தகரக் கூரையும்

இனி, மலைமேல் இருந்த இரும்புச் சங்கிலிக்கு வருவோம். இரும்பு துருப்பிடிப்பதற்கு ஒட்சிசன், நீர் ஆகிய இரண்டும் வேண்டும். வரண்ட வளியில் இரும்பு இலகுவில் துருப்பிடிப்பதில்லை. கொதிக்கவைத்து வளி நீக்கப்பட்ட நீரிலும் துருப்பிடிப்பதில்லை. இரண்டும் சேரும் இடத்தில், இரும்பின் ஒரு புள்ளியிலுள்ள அணுக்கள் இரண்டிரண்டு இலத்திரன்களை இழந்து +2 நிலையிலுள்ள அயன்களாகின்றன. அவ்விலத்திரன்கள் உலோகத்தினூடாகச் சென்று, வேறொரு புள்ளியில் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைத் தாழ்த்துகின்றன. +2 நிலையிலுள்ள இரும்பு மேலும் ஒட்சியேறி +3 நிலையை அடைந்து, நீரேற்றிய ஒட்சைட்டாகப் படிகின்றது. நாம் காணும் பழுப்பு நிறத் துரு அதுவே. துரு நுண்துளைகள் கொண்டதாகையால் உள்ளிருக்கும் இரும்பை அது பாதுகாப்பதில்லை. ஒரு படை உதிர, அடுத்த படை துருப்பிடிக்கின்றது. உப்பு நீர் இலத்திரன் ஓட்டத்துக்குத் துணைபுரிவதால் கரையோரப் பிரதேசங்களில் இந்நிகழ்வு மேலும் விரைவாக நடைபெறுகின்றது.

தோட்டத்து லயங்களின் தகரக் கூரைகளுக்கு நாகம் பூசப்படுவதன் காரணமும் இங்கு தெளிவாகும். அது வெறும் வர்ணப் பூச்சைப் போன்றதன்று. இரும்பைவிட இலகுவில் இலத்திரனை இழக்கும் இயல்பு நாகத்துக்கு உண்டு. எனவே பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளித்தெரிந்தாலும், அருகிலுள்ள நாகம் தான் ஒட்சியேறி இரும்பைக் காக்கின்றது. நாகம் முழுவதும் கரைந்து முடிந்த பின்னரே இரும்பின் முறை வருகின்றது. பல தசாப்தங்களாக மாற்றப்படாத பழைய லயங்களின் கூரைகள் துருவேறி மழைநீர் ஒழுகுவது விதியின் செயலன்று. அவற்றைக் காத்துவந்த நாகம் தீர்ந்துபோய் வெகுகாலமாயிற்று என்பதே அதன் பொருள். கூரைத் தகட்டுக்கு ஓர் ஆயுட்காலம் உண்டு என்பதையும், அக்காலம் முடிந்த தகட்டுக்கு மேலே வர்ணம் பூசுவதனால் மாத்திரம் பயனில்லை என்பதையும் பொறுப்பானவர்கள் உணரவேண்டும்.

சரந்தீப்பின் உருக்கு

துருப்பிடித்தலில் இரும்பு ஒட்சியேறுகின்றது என்றால், மண்ணிலிருக்கும் இரும்புத் தாதிலிருந்து உலோகத்தைப் பெறுவது அதன் மறுபக்கமாகும். அதாவது, ஒட்சைட்டிலுள்ள இரும்பைத் தாழ்த்தவேண்டும். இதற்குச் சிறந்த உதாரணம் ஒன்று இம்மலைத்தொடரின் தெற்குச் சரிவிலேயே உண்டு.

பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவ பிரதேசத்தில், நீர்த்தேக்கத் திட்டத்தையொட்டி நடத்தப்பட்ட தொல்லியல் ஆய்வுகளின்போது, மேற்கு நோக்கிய மலைவிளிம்புகளில் அமைக்கப்பட்ட பழைய இரும்புருக்கும் உலைகள் பல கண்டறியப்பட்டன. அவை கி.பி. 7 ஆம் நூற்றாண்டுக்கும் 11 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவை. பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் 1994 ஆம் ஆண்டில் அவற்றைப் போன்ற உலைகளை அவ்விடத்திலேயே மீண்டும் கட்டி இயக்கிப் பார்த்தார். துருத்தி எதுவுமின்றி, தென்மேல் பருவக்காற்றின் வேகத்தைக் கொண்டே அவை இயங்கின. காபன் மிகுந்த தரமான உருக்கையும் அவை தந்தன. அம்முடிவுகள் 1996 ஆம் ஆண்டில் நேச்சர் என்ற விஞ்ஞானச் சஞ்சிகையில் வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தன. 9 ஆம் நூற்றாண்டின் அரபு அறிஞர் அல் கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப்பின் உருக்கைக் குறிப்பிட்டிருப்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. சரந்தீப் என்பது அரபுலகம் நமது நாட்டுக்கு வழங்கிய பெயராகும்.

அவ்வுலைகளுக்குள் நிகழ்ந்தது என்ன? பருவக்காற்று விறகுக் கரியை மிகு வெப்பத்தில் எரியச்செய்தது. கரியிலுள்ள காபன், காபனோரொட்சைட்டு என்ற வாயுவாகியது. அவ்வாயு தாதிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்து காபனீரொட்சைட்டாக மாறியது. +3 நிலையிலிருந்த இரும்பு இலத்திரன்களை ஏற்றுப் பூச்சிய நிலைக்குத் தாழ்ந்து உலோகமாகியது. காபன் ஒட்சியேறியதாலேயே இரும்பு தாழ்த்தப்பட்டது. அந்த உலைக்காரர்கள் இலத்திரன் என்ற சொல்லை அறிந்திருக்கமாட்டார்கள். எனினும் அதனை ஆளும் கைப்பக்குவத்தை அறிந்திருந்தனர். மனிதன் இவ்வாறு வலிந்து தாழ்த்திய இரும்பையே மழையும் காற்றும் மீண்டும் ஒட்சியேற்றி மண்ணிடம் சேர்க்கின்றன.

ஸ்டோருக்குள் நடப்பது

மலையகத்துத் தொழிலாளர்கள் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றே அழைப்பர். 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, தமது பங்களா விறாந்தையில் கொழுந்தைக் கையால் உருட்டுவித்து, கரியடுப்பின் மேல் காயவைத்த நாள் முதல், இந்நாட்டின் ஒவ்வொரு தேயிலை ஸ்டோரும் ஓர் ஒட்சியேற்ற ஆலையாகவே இருந்து வருகின்றது. எனினும் அங்கு நடைபெறும் முக்கிய கட்டத்துக்கு நொதித்தல் என்ற தவறான பெயரே வழங்கி வருகின்றது.

நொதித்தல் என்பது மதுவம் முதலிய நுண்ணுயிர்களின் செயலாகும். தோசை மா புளிப்பதும் தயிர் உறைவதும் அவ்வகையைச் சேர்ந்தவை. கறுப்புத் தேயிலை தயாரிப்பதில் நுண்ணுயிர்களுக்கு அத்தகைய பங்கில்லை. அது இலைக்குள்ளேயே உள்ள ஒரு நொதியத்தின் துணையுடன் வளியிலுள்ள ஒட்சிசனால் நிகழும் ஒட்சியேற்றமாகும்.

பறித்த கொழுந்து முதலில் வாட்டப்படுகின்றது. அதிலுள்ள நீரின் ஒரு பகுதி நீங்கி இலை துவள்கின்றது. அடுத்து அது உருட்டப்படுகின்றது. இலையின் கலங்களுக்குள், கற்றெக்கின் எனப்படும் பொலிபீனோல் சேர்வைகள் ஓரிடத்திலும், பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் வேறோரிடத்திலும் வேறாக வைக்கப்பட்டிருக்கின்றன. உருட்டுவதனால் கலங்கள் நசுங்கி இரண்டும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அக்கணமே தாக்கம் ஆரம்பமாகிவிடுகின்றது. கத்தரிக்காயையும் வாழைக்காயையும் நறுக்கி வைத்தால் கறுப்பதும் இத்தகைய நொதியத்தினாலேயே ஆகும்.

இந்நொதியம் செம்பைத் தன்னகத்தே கொண்டது. கற்றெக்கினிலிருந்து இலத்திரன்களைச் செம்பு பெற்று +2 நிலையிலிருந்து +1 நிலைக்குத் தாழ்கின்றது. பின்னர் அவற்றை ஒட்சிசனிடம் ஒப்படைத்து மீண்டும் +2 நிலைக்கு ஏறுகின்றது. கற்றெக்கின் ஒட்சியேறிக் குயினோனாகின்றது. ஒட்சிசன் தாழ்த்தப்பட்டு நீராகின்றது. இரண்டு கற்றெக்கின் மூலக்கூறுகளுக்கு ஓர் ஒட்சிசன் மூலக்கூறு என்பதே கணக்கு. கொடுப்பவரும் வாங்குபவரும் இடைத்தரகரும் இங்கு தெளிவாகவே உள்ளனர். குயினோன்கள் தமக்குள் இணைந்து, செம்மஞ்சள் நிறமான தியபிளேவின்களையும் செங்கபில நிறமான தியறுபிஜின்களையும் தோற்றுவிக்கின்றன. தேநீரின் பளபளப்பும் உறைப்பும் பெரும்பாலும் முன்னதனாலும், அதன் நிறச்செறிவு பெரும்பாலும் பின்னதனாலும் வருகின்றன.

உருட்டல் தொடங்கியதிலிருந்து பொதுவாக 2 முதல் 3 மணித்தியாலம் வரை இத்தாக்கம் நிகழ விடப்படுகின்றது. நேரம் குறைந்தால் தேநீர் பச்சை வாடையுடன் கசக்கும். கூடினால் மங்கிச் சுவை கெடும். பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாவதையும் வாசனை மாறுவதையும் கொண்டே அனுபவமிக்க தொழிலாளர்கள் பதத்தை அறிந்துகொள்வர். நுவரெலியா, ஹட்டன் பிரதேசங்களின் குளிர், தாக்கத்தை நிதானமாக நடத்துவதற்கு உதவுகின்றது. உரிய பதம் வந்ததும் இலை சூடான வளியில் உலர்த்தப்படுகின்றது. வெப்பத்தினால் நொதியம் செயலிழக்க, ஒட்சியேற்றம் நின்றுவிடுகின்றது. ஈரப்பதன் ஏறத்தாழ 3 வீதமாகக் குறைகின்றது. பச்சைத் தேயிலை தயாரிப்போர் கொழுந்தை ஆரம்பத்திலேயே நீராவியிலோ சூடான சட்டியிலோ இட்டு நொதியத்தை அழித்துவிடுவதால் அது பச்சையாகவே இருக்கின்றது. இரண்டும் ஒரே செடியின் இலையே. வேறுபாடு ஒட்சியேற்றம் மாத்திரமே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். நிறம் மாறும் நிகழ்வுகள் யாவும் ஒட்சியேற்றமோ தாழ்த்தலோ அல்ல. பிளேன்டீயில் தேசிக்காய்ப் புளி விட்டவுடன் நிறம் வெளிறுவது, அமிலத்தினால் தியறுபிஜின்களின் நிறம் மாறுவதனாலாகும். அவ்வாறே, 1869 ஆம் ஆண்டில் இலங்கையில் தலைகாட்டி, பின்னர் கோப்பிப் பயிரையே அழித்து, தேயிலைக்கு இடமளித்த கோப்பித் துரு நோய், பெயரில் துருவாக இருப்பினும் ஒரு பங்கசின் செயலே அன்றி இரும்புத் துருவுடன் தொடர்புடையதன்று. இலத்திரன் கைமாறியதா என்று கேட்டுப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டும்.

உடலுக்குள் இரும்பு

இதுவரை கூறியவை சங்கிலியையும் ஸ்டோரையும் பற்றியவை. இனிக் கூறவிருப்பது உயிர் சம்பந்தப்பட்டது.

வளர்ந்த ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உண்டு. அதன் பெரும்பகுதி இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினில் இருக்கின்றது. அங்கு இரும்பு +2 நிலையிலேயே இருக்கவேண்டும். அந்நிலையில் இருந்தால்தான் அது சுவாசப்பையில் ஒட்சிசனைப் பற்றிக்கொண்டு சென்று உடற்கலங்களில் விடுவிக்கமுடியும். +3 நிலைக்கு ஒட்சியேறிவிட்டால் அதனால் ஒட்சிசனைக் காவிச் செல்ல முடியாது. கலங்களை அடைந்த ஒட்சிசன், உணவிலிருந்து வரும் இலத்திரன்களை ஏற்று நீராகத் தாழ்த்தப்படுகின்றது. அதனால் வெளிப்படும் சக்தியைக் கொண்டே நாம் நடக்கின்றோம், மலையேறுகின்றோம், கொழுந்து பறிக்கின்றோம். இரும்பு குறைந்தால் ஒட்சிசன் குறையும்; ஒட்சிசன் குறைந்தால் சோர்வும் மூச்சிரைப்பும் தலைச்சுற்றலும் தோன்றும். கர்ப்ப காலத்தில் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து ஏற்படக்கூடும்.

பெருந்தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலமாக நிலவிவரும் பிரச்சினையாகும். வறுமை, போசாக்கின்மை, புழுத்தொற்று, அடுத்தடுத்த பிரசவங்கள் எனக் காரணங்கள் பலவாகும். தேநீர் மாத்திரமே காரணம் என்று கூறுவது தவறு. ஆயினும் தேநீர் அருந்தும் நேரமும் அதில் ஒரு பங்கு வகிக்கின்றது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்பு பெரும்பாலும் +3 நிலையிலேயே இருக்கின்றது. குடல் அதனை +2 நிலைக்குத் தாழ்த்திய பின்னரே உறிஞ்சிக்கொள்கின்றது. விற்றமின் சி ஒரு சிறந்த தாழ்த்தியாகும். அது தனது இலத்திரன்களை இரும்புக்கு வழங்கித் தான் ஒட்சியேறுகின்றது. உணவுடன் கொய்யா, நெல்லிக்காய், தேசிக்காய் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இரும்பு உறிஞ்சப்படுவது அதிகரிப்பதன் காரணம் இதுவேயாகும். அரச கிளினிக்குகளில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்பு மாத்திரையுடன் விற்றமின் சி மாத்திரையும் வழங்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

தேநீரின் வேலை இதற்கு எதிரானது. அதிலுள்ள பொலிபீனோல்கள் இரும்புடன் இறுகப் பிணைந்து, குடல் உறிஞ்சமுடியாத சேர்வையாக்கிவிடுகின்றன. கவ்வாத்துக் கத்தியில் தேயிலைச் சாறு பட்டால் கறுத்துப்போவதையும், துருவேறிய ஆணி ஒன்றைப் பிளேன்டீயில் இட்டு வைத்தால் அது மைபோலக் கறுப்பதையும் பலரும் கண்டிருக்கலாம். அந்தக் கருமையே இரும்பும் பொலிபீனோலும் பிணைந்ததன் அடையாளமாகும். உணவுடன் ஒரு கோப்பைத் தேநீரையும் அருந்தும்போது வயிற்றுக்குள்ளும் அவ்வாறான பிணைப்பே ஏற்படுகின்றது. தாவர உணவிலிருந்து கிடைக்கவேண்டிய இரும்பு அதனால் பாதிக்கும் மேல் குறைந்துவிடக்கூடும். பால் தேநீரும் இதற்கு விலக்கன்று. பாலிலுள்ள கல்சியமும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கக்கூடியதே.

ரொட்டியுடன் தேத்தண்ணி என்பதே தோட்டத்துக் காலையுணவு. மலைக்குப் புறப்படும் அவசரத்தில் அந்தத் தேத்தண்ணியுடனேயே இரும்பு மாத்திரையை விழுங்கும் தாய்மாரும் உள்ளனர். ரமழான் காலத்தில் ஸஹர் உணவுடனோ நோன்பு திறந்தவுடனோ தேநீரையும் மாத்திரையையும் ஒன்றாக எடுக்கும் பழக்கம் நமது முஸ்லிம் இல்லங்களிலும் காணப்படலாம். மாத்திரை எடுத்தும் இரத்தம் கூடவில்லையே என்ற ஏக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தேநீரைக் கைவிடவேண்டியதில்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணித்தியால இடைவெளி விட்டால் போதுமானது. இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ கல்சியம் மாத்திரையுடனோ சேர்த்து எடுக்காமல், தண்ணீருடன் எடுக்கவேண்டும். ஐயமிருப்பின் வைத்தியரையோ பிரதேச மருத்துவமாதுவையோ கேட்டறிந்துகொள்வதே உகந்தது.

நாம் வேண்டுவது

தென்னிந்தியாவிலிருந்து மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நிறைவு 2023 ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்டது. அதில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இம்மக்களின் கைகள் நாள்தோறும் ஒட்சியேற்றத்தை நடத்தி, உலகத்துக்குத் தேயிலையை வழங்கி வந்துள்ளன. அத்தாக்கத்தின் பதத்தைக் கண்ணாலும் மூக்காலும் அறியும் தொழிலாளியின் பிள்ளை, அதே தாக்கத்தின் சமன்பாட்டைக் கண்டு அஞ்சிப் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறுவது வேதனைக்குரியது. அது பிள்ளையின் குறைபாடன்று. பெருந்தோட்டப் பாடசாலைகளில் தமிழ் மொழிமூல விஞ்ஞான, கணித ஆசிரியர்களுக்கு நிலவும் பற்றாக்குறையும், ஆய்வுகூட வசதியின்மையும் நெடுங்காலமாகத் தீர்க்கப்படாமல் இருப்பதை மறுப்பதற்கில்லை. இப்பற்றாக்குறையைத் தீர்ப்பது அரசின் தலையாய பொறுப்பாகும்.

அதுவரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும், அல்லது அதற்கு அண்மையிலேனும், ஒரு ஸ்டோர் உண்டு. ஆண்டுக்கு ஒரு தடவையாவது பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர்களை அங்கு அழைத்துச் சென்று, வாட்டும் தட்டிலிருந்து உலர்த்தும் இயந்திரம் வரை ஆசிரியர் ஒருவர் விளக்கினால், வரைவிலக்கணத்தை மனனம் செய்யவேண்டிய தேவையே ஏற்படாது. தோட்ட நிர்வாகங்கள் இதற்கு அனுமதி வழங்கவேண்டும். 1925 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும், தேயிலையின் இரசாயனத்தை எளிய தமிழில் சிறு நூலாக வெளியிட்டு மாணவர்களுக்கு வழங்க முன்வரலாம். கிளினிக்குகளில் தேநீருக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையிலான பகைமையைத் தாய்மாருக்கு அவர்களது பேச்சுமொழியிலேயே விளக்கிக் கூறவேண்டும். பாடசாலையில் இதனைக் கற்ற மகள் வீட்டில் தாயிடம் கூறுவாளாயின், அது எந்தச் சுவரொட்டியையும்விடப் பயன் தரும்.

நல்லதண்ணியில் மலையேறுவோர் இன்றும் உச்சிக்கு அண்மையில் இரும்புக் கைப்பிடிகளைப் பற்றியே ஏறுகின்றனர். அவற்றின்மேல் படியும் துருவைக் காணும் மாணவன் அல்லது மாணவி, இங்கு இலத்திரனை இழந்தது எது, ஏற்றது எது என்று தனக்குள் கேட்டுக்கொள்ளும் நாள் வரவேண்டும். அக்கேள்விக்கு விடை கூறக்கூடிய ஆசிரியர் ஒருவர் மலையடிவாரத்துப் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.